மாத்திரை இல்லாத ஒரு படம்

மடியில் ஒரு சுத்தமான துண்டை விரித்து, அதன் மேல் மாத்திரை அட்டையை வைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மாத்திரைக்கு ஒரு காகிதப் பொட்டலம். முதல் பொட்டலத்தின் மேல் பன்னிரண்டு என்று எழுதினாள், அடுத்ததன் மேல் ஆறு. விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஜனம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓட, அவள் விரல்கள் மட்டும் அவசரப்படாமல் வேலை செய்தன.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் நோயாளி. ஓய்வு பெற்ற தட்டச்சு ஆசிரியர். எல்லோருக்கும் அவர் டைப்பிங் சார். தலையில் இருந்த கட்டியை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வலிப்பு வராமலிருக்க ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. பேச்சு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் எதையோ அடித்துக்கொண்டே இருந்தன.

நாற்காலிக்குப் பின்னால் அவருடைய மகள். நான்கு வருஷமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டவள். வேறு யார் கையிலும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"கை கழுவினீங்களா?"

"ரெண்டு தடவை. வேணும்னா மோந்து பாருங்க."

மகள் சிரிக்கவில்லை. உண்மையிலேயே குனிந்து மோந்து பார்த்தாள்.

மாத்திரை பிதுக்கிய அந்தப் பெண்மணிக்கு எங்கள் கம்பெனியில் ஜன்னலக்கா என்று பெயர். நோயாளிகளை விமானத்தில் கூட்டிப் போய் வீட்டில் சேர்ப்பது அவள் வேலை. வழித்துணை என்போம். நானும் அவளும் ஒரே அணியில் பயிற்சி பெற்றவர்கள். படுத்திருப்பவரைப் புரட்டுவது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது, படுக்கைப்புண்ணைத் துடைப்பது எல்லாம் ஒன்றாகக் கற்றோம். நான் பிறகு வகுப்பு நடத்தப் போனேன், அவள் விமானத்தில் ஏறினாள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்குத் திறமை காரணமில்லை. விமானக் கழிப்பறைக்குள் ஒரு நோயாளியோடு சேர்ந்து நுழைந்து கதவையும் சாத்தக்கூடிய உடம்பு எங்களில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. புருஷன் அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கையும் அவள் இரண்டு பெண்களும் இவள் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அதனால் எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் போனாள்.

ஜன்னலக்கா என்ற பெயர் வந்த கதை இது. தூரப் பயணத்தில் மருந்து கொடுப்பவர்களுக்குப் பெரிய தொல்லை மணிதான். புறப்பட்ட ஊரில் ஒரு மணி, இறங்கும் ஊரில் ஒரு மணி, நடுவில் எந்த மணி என்று கடவுளுக்கே தெரியாது. நோட்டில் ஒரு வரியை அந்த ஊர் மணியிலும் அடுத்த வரியை இந்த ஊர் மணியிலும் எழுதி, ஒரே மாத்திரையை இரண்டு தடவை கொடுத்தவர்கள் உண்டு. ஜன்னலக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளிடம் ஒரு பழைய சின்ன கேமரா இருந்தது. எடுக்கும் படத்தின் மூலையில் மணி விழும். நோயாளிக்கு எந்த ஊர்க் கணக்கில் மருந்து ஆரம்பித்தார்களோ அந்த ஊர் மணியைக் கேமராவில் வைத்துவிடுவாள். பயணம் முடியும் வரை மாற்ற மாட்டாள். மாத்திரை கொடுப்பாள், தண்ணீர் கொடுப்பாள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பாள். விழுங்கியது உறுதியான பிறகு ஒரு படம் எடுப்பாள். ஒரு வேளைக்கு ஒரு படம்.

நோயாளியின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் தூங்குகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். விளக்கை அணைத்துவிட்ட விமானத்தில் வெளிச்சம் இருப்பது ஜன்னலில்தான். அதனால் ஜன்னல். மேகம் இருந்தால் மேகம், இருட்டாக இருந்தால் இருட்டு. முழுக் கறுப்பாக, மூலையில் மணி மட்டும் மின்னும் படங்கள் அவளிடம் நூற்றுக்கணக்கில் இருந்தன.

தங்கையின் பெரிய பெண் அவற்றில் சிலவற்றைப் பிரதி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

"பெரியம்மாவுக்கு என்ன ரசனை!"

"ரசனையா? இந்தச் செக்கச் சிவப்பு இருக்கே, அது சர்க்கரை ஊசி. அந்தப் பஞ்சு மூட்டை வாந்தி மாத்திரை. மலை மாதிரி நிக்குதே, அது ஒரு பாட்டியம்மாவோட பேதி மருந்து."

"சீ, போங்க பெரியம்மா!"

சொல்லிக்கொண்டே அவள் சாப்பிட்டு முடிப்பாள். பதினேழு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேல் வானம் எடுத்தவள், ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை. படம் விழுந்ததா, மணி தெரிகிறதா, அவ்வளவுதான். கம்பெனி அந்த முறையை எல்லோருக்கும் சட்டமாக்கியது. நானே வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நோட்டு பொய் சொல்லும், கேமரா பொய் சொல்லாது என்று.

அன்றைய விமானத்தில் டைப்பிங் சார் ஜன்னல் ஓரம், ஜன்னலக்கா அவரை ஒட்டி, மகள் இரண்டு வரிசை பின்னால். பன்னிரண்டு மணி மாத்திரையை மகள் எழுந்து வந்து நின்று பார்த்தாள். அப்பா வாயைத் திறந்து காட்டியபோது அவளும் எட்டிப் பார்த்தாள். ஜன்னலக்கா படம் எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"போய்த் தூங்குங்கம்மா. நாலு வருஷத் தூக்கம் கண்ணுல தொங்குது."

"ஆறு மணிக்கு எழுப்புங்க."

"எழுப்ப மாட்டேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

மகள் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். போய்ப் படுத்தவள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

விமானம் மேற்கே போய்க்கொண்டிருந்ததால் வெளியே வெயில் இறங்கவே இல்லை. ஐந்தரைக்குப் பலகாரத் தட்டு வந்தது. அப்போது டைப்பிங் சார் அவள் மணிக்கட்டில் இரண்டு விரலால் தட்டினார். ஜன்னலைக் காட்டினார். கீழே வெள்ளை மேகத்தின் மேல் விமானத்தின் நிழல் சின்னதாக, ஒரு பூச்சி மாதிரி, கூடவே ஓடி வந்தது. நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். முழு வட்டம். அவர் கேமராவைக் காட்டி மறுபடி தட்டினார். எடு என்று.

எடுத்தாள். எடுத்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்து முப்பத்தைந்து.

தட்டைத் திறந்து அவருக்கு ரெண்டு வாய் கொடுப்பதற்குள் விமானப் பணிப்பெண் ஓடி வந்தாள். பின்னால் ஒரு பயணி மயங்கி விழுந்துவிட்டார், வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வரவேண்டும் என்று. ஜன்னலக்கா போனாள். காலைத் தூக்கி வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஆள் கண் திறந்து பேசும் வரை இருந்து, வாந்தியையும் துடைத்துவிட்டுத் திரும்பி வர நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டைப்பிங் சார் தூங்கிக்கொண்டிருந்தார். தட்டை எடுத்துப் போயிருந்தார்கள். அவள் உட்கார்ந்து, எப்போதும் போல் கேமராவைப் பார்த்தாள். கடைசிப் படம் ஐந்து முப்பத்தைந்து. சாப்பாட்டோடு சேர்த்து அரை மணி முன்னால் கொடுப்பது அவள் வழக்கம்தான். ஆறு மணி மாத்திரை ஆயிற்று. சாய்ந்துகொண்டாள்.

இதை முட்டாள்தனம் என்று சொல்வது சுலபம். ஒரே காரியத்தை ஆயிரம் தடவை ஒரே மாதிரி செய்த கைக்கு, ஆயிரத்து ஒன்றாவது தடவையைச் செய்தோமா இல்லையா என்ற ஞாபகம் இருக்காது. அதற்காகத்தானே கேமரா. அந்தக் கேமராவில் மாத்திரை இல்லாமல் ஒரு படம்கூட அதுவரை விழுந்ததில்லை.

ஒன்பதே முக்காலுக்கு வலிப்பு வந்தது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், நாக்கு உள்ளே போகாமல் தாடையைப் பிடித்தாள், ஒவ்வொரு வலிப்புக்கும் மணி பார்த்து எழுதினாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விமானம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வலிப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், மருந்து ரத்தத்தில் போதவில்லை, ஒரு வேளையாவது தவறியிருக்க வேண்டும் என்றார்.

வராண்டாவில் மகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"காலைல ஆறு மணி மாத்திரைய நான்தான்க்கா குடுத்தேன், லாட்ஜ்ல. ஏழு மணிக்குக் கொஞ்சம் வாந்தி எடுத்தார். மாத்திரை அதுல போயிருக்குமா? இன்னொன்னு குடுத்திருக்கணுமா? உங்ககிட்ட கேட்டிருக்கலாம், கேட்கலையே!"

ஜன்னலக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். முகம் துடைக்கத் துண்டு எடுக்க மேல்கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். துண்டோடு ஒரு பொட்டலம் வந்தது. மேலே ஆறு என்று அவள் கையெழுத்து. உள்ளே மாத்திரை.

"போயிருக்குமாக்கா, வாந்தியில?"

"இருக்கலாம்மா" என்றாள் ஜன்னலக்கா.

பிறகு கழிப்பறைக்குப் போய், பொட்டலத்தைக் கசக்கி, அங்கிருந்த கூடையில் போட்டாள்.

டைப்பிங் சார் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்து இறந்தார். கம்பெனி விசாரணை அரை மணி நேரம் நடந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு படம், ஐந்து முப்பத்தைந்துக்கு ஒரு படம். இரண்டு வேளை, இரண்டு படம். தவறு குடும்பத்தாருடையது என்று மேனேஜர் எழுதிக் கோப்பை மூடினார். அதன் பிரதி மகளுடைய அண்ணனுக்குப் போனது. அவர் அதை வைத்துக்கொண்டு தங்கையிடம் ஒரே வார்த்தை கேட்டாராம்: "நாலு வருஷம் பார்த்து என்ன பிரயோஜனம்?" அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். தங்கை மாதத்துக்கு ஒரு முறை வரலாம், ஒரு மணி நேரம் உட்காரலாம். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், மாத்திரை கொடுக்கக் கூடாது.

ஜன்னலக்கா அதன் பிறகும் இரண்டு வருஷம் பறந்தாள். படத்தில் காலிப் பொட்டலமும் தெரிய வேண்டும் என்று புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. மேனேஜர் கூட்டம் போட்டு அவளைப் பாராட்டினார். கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவள் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோது, கம்பெனியின் வரவேற்பறைக்குப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்று மேனேஜருக்கு யோசனை வந்தது. விசாரணைக் கோப்பில் பார்த்த நாளிலிருந்து அந்த வானவில் வட்டம் அவர் மனதை விட்டுப் போகவில்லையாம். மூலையில் இருந்த மணியை வெட்டிவிட்டு, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டினார்.

அந்தப் பயணம் நடந்து ஆறு வருஷம் கழித்து என் பயிற்சி வகுப்பில் ஒருத்தி வந்து சேர்ந்தாள். மற்றவர்களைவிடப் பதினைந்து வயது பெரியவள். எல்லாவற்றிலும் கெட்டிக்காரி, மாத்திரை கொடுப்பதைத் தவிர. அட்டையைப் பார்ப்பாள், சீட்டைப் பார்ப்பாள், மறுபடி அட்டை, மறுபடி சீட்டு. நான்கு முறை. செய்முறைத் தேர்வுக்கு எட்டு நிமிஷம் என்றால் இவளுக்கு இருபது ஆகும். இரண்டு தடவை தேறவில்லை.

"ஏம்மா, மாத்திரை என்ன வெடிகுண்டா?" என்றேன்.

"எனக்கு அப்படித்தான் டீச்சர். எங்கப்பாவ நான்தான் கொன்னேன். ஒழுங்கா கத்துக்கிட்டேன்னு ஒரு சான்றிதழ் இருந்தா, அம்மாவ என்கிட்ட விடுவாங்களான்னு பார்க்கிறேன்."

பிறகு வரவேற்பறைப் பக்கம் கையைக் காட்டி, "அந்தப் படம் ரொம்ப நல்லா இருக்கு டீச்சர், யார் எடுத்தது?" என்றாள்.

அன்று சாயங்காலம் ஜன்னலக்கா வீட்டுக்குப் போனபோது, பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவள் துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள். பிறகு நான் மேலே எழுதியதையெல்லாம் சொன்னாள்.

"பொட்டலத்த அப்பவே டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே" என்றேன்.

"காட்டியிருக்கலாம்."

"தப்பு நடந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும்னு நாம ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்துதானேடி படிச்சோம்?"

"நீ நல்லாப் படிச்ச. அதான் உன்னை டீச்சர் ஆக்கினாங்க." போர்வையை மறுபடி மடித்தபடி, "வேலை போயிடும்னு பயந்தேன். தங்கச்சி பொண்ணுங்க படிச்சிட்டிருந்தாங்க. இதெல்லாம் காரணம்னு சொல்லிக்கலாம். ஆனா அந்த நிமிஷம் நான் எதையும் யோசிக்கல. அவளே தலைய நீட்டினா, நான் தட்டுல வாங்கிக்கிட்டேன்" என்றாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். நீ சொன்னா இன்னும் கேவலம்."

மறுநாள் ஐந்து மணிக்கு, மற்றவர்கள் போன பிறகு, வகுப்பறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மகளுக்கு அவளை உடனே அடையாளம் தெரிந்தது. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! அப்பா தாடையைக் கடைசி வரைக்கும் நீங்கதான் பிடிச்சிட்டிருந்தீங்க. மறக்கவே மாட்டேன்."

"கைய விடும்மா. உங்கப்பாவுக்கு ஆறு மணி மாத்திரைய நான் குடுக்கல."

"படம் இருந்துச்சே?"

"அது மாத்திரைப் படம் இல்ல. உங்கப்பா கேட்டார், எடுத்தேன். அதைப் பார்த்துட்டு மாத்திரை குடுத்தாச்சுன்னு உட்கார்ந்துட்டேன். பொட்டலம் என் பையிலேயே இருந்துச்சு. ஆஸ்பத்திரியில நீ அழுதிட்டிருக்கும்போது கையில கெடைச்சுது. குப்பையில போட்டேன்."

மகள் உடனே கோபப்படவில்லை. முதலில் கேட்டது வேறு.

"அப்பா கேட்டாரா? எப்படிக் கேட்டார்?"

"மணிக்கட்டுல ரெண்டு விரலால தட்டினார்."

"என்னைக் கூப்பிடவும் அப்படித்தான் தட்டுவார்." அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் குரல் ஏறியது. "வாந்தியில போயிருக்குமான்னு நான் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்க, டீச்சரும் கேட்கட்டும்."

"இருக்கலாம்னு சொன்னேன்."

"இல்லன்னு சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். தெரியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட ஏதோ ஒரு பக்கம் மூச்சு விட்டிருப்பேன். இருக்கலாமாம்!"

ஜன்னலக்கா வாயைத் திறக்கப் போனபோது மகள் கையைத் தூக்கினாள்.

"மன்னிச்சிடுன்னு மட்டும் கேட்டுடாதீங்க. எனக்கு அது வேண்டாம். எழுதிக் குடுங்க."

எழுதினாள். ஒன்றரைப் பக்கம். எந்த இடத்திலும் சலுகை எடுத்துக்கொள்ளவில்லை. மயங்கி விழுந்த பயணியைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்ததை அவளே அடித்துவிட்டாள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

"காகிதம் போதாது. நாளைக்குக் காலைல அண்ணன் வீட்டுக்கு வரணும். அவர் ஆபீஸ் போறதுக்கு முன்னாடி, உங்க வாயால சொல்லணும்" என்றாள் மகள்.

மறுநாள் காலை ஏழே காலுக்கு இருவரும் அந்த வீட்டின் மூன்றாம் மாடியில் நின்றார்கள். அழைப்பு மணியை அழுத்தியதும் அண்ணனே வந்தார். உள்ளே கூப்பிடவில்லை. ஒரு கையில் சாக்ஸ், மறு கையில் காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். ஜன்னலக்கா தன் வாயால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஆறு வருஷம் கழிச்சு திடீர்னு ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"ஞாபகம் எப்பவும் இருந்துச்சு சார். சொல்லத்தான் இல்ல."

"என் தங்கச்சி இப்ப உங்க கம்பெனியிலதானே படிக்கிறா?"

"ஆமா."

"சாட்சிக் கையெழுத்து யாரு?"

"அவங்க டீச்சர்."

"நல்ல ஏற்பாடு" என்றார். காகிதத்தை மடித்துத் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார். "இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். அன்னைக்கு ஒரு தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டிருந்தா நானே விட்டிருப்பேன்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "யாருடா வாசல்ல?"

"யாரும் இல்லம்மா. தண்ணிக் கேன் போடுறவர்."

கதவு சாத்திக்கொண்டது. இருவரும் இறங்கினார்கள். நிறுத்தத்தில் பஸ் வந்ததும் மகள் ஏறினாள். கூட வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஜன்னலக்காதான் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்காக நின்றாள்.

எட்டரை மணி வகுப்புக்கு மகள் எட்டு ஐம்பதுக்கு வந்தாள். பதிவேட்டில் தாமதம் என்று எழுதினேன். அன்று அவளுக்கு மூன்றாவது செய்முறைத் தேர்வு. தட்டை எடுத்து, கை கழுவி, நோயாளியாகப் படுத்திருந்த மாணவியின் பக்கத்தில் போய் நின்றாள். அட்டையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். மறுபடி அட்டை, மறுபடி சீட்டு. நான்கு முறை. பத்தொன்பது நிமிஷம் ஆனது. தேறவில்லை என்று எழுதி, அடுத்த தேர்வுத் தேதியைக் கொடுத்தேன்.